மூன்று டாக்டர்கள் மூன்று வழி சொல்கிறார்கள்: வெரிகோசீலுக்கு எந்தச் சிகிச்சை?

கேள்வி:

எனக்கு வயது 33, மனைவிக்கு 29. கோவையில் ஒரு பவுண்டரியில் உலைப் பக்கம் வேலை. கல்யாணமாகி மூன்றரை வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாகிவிட்டது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, கருக்குழாய் இரண்டும் திறந்திருக்கின்றன, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் 3.1. எனக்கு நான்கு மாதத்துக்கு முன்புதான் முதல்முறையாக விந்துப் பரிசோதனை செய்தார்கள். டெங்கு காய்ச்சலில் படுத்து எழுந்து ஐந்து வாரத்தில் எடுத்த ரிப்போர்ட் அது. அளவு 2 மில்லி, கவுன்ட் மில்லிக்கு 9 மில்லியன், அசைவு 28 சதவீதம், சரியான வடிவம் 2 சதவீதம். இடது விரைக்கு மேலே சிரைகள் புடைத்திருக்கின்றன, கிரேடு 3 வெரிகோசீல் என்று டாக்டர் கையால் பார்த்தே சொன்னார். ஸ்கேனில் வலது பக்கமும் லேசாக இருப்பதாக வந்திருக்கிறது. ஒருவர் மைக்ரோஸ்கோப் வைத்து இடது பக்கம் மட்டும் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். இன்னொருவர் லேப்ராஸ்கோப்பியில் இரண்டு பக்கமும் ஒரேயடியாகச் செய்துவிடலாம் என்கிறார். கருத்தரிப்பு மையத்தில், ஆபரேஷனெல்லாம் வீண், ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸிக்கு நேராகப் போங்கள் என்கிறார்கள். கத்தியில்லாமல் சுருள் வைத்து அடைக்கும் முறை இருப்பதாகவும் நெட்டில் படித்தேன். அம்மாவோ, நம் குடும்பத்து ஆம்பளைகளுக்கு இப்படி ஒரு குறை வந்ததே இல்லை என்கிறார். எதைச் செய்வது? ஆபரேஷன் செய்தால் ஆண்மை குறையுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம்தான் பலரை டாக்டரிடம் வரவிடாமலே செய்கிறது. ஆண்மை குறையாது. இந்த அறுவையில் கட்டுவது விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகளை மட்டும்தான். விறைப்புக்கான நரம்புகளும் ரத்தக் குழாய்களும் வேறு பாதையில் போகின்றன. விந்தணு வரும் குழாயை அறுவை மருத்துவர் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்த சிலருக்கு அறுவைக்குப் பின் அது கொஞ்சம் ஏறுவதும் உண்டு.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். நீங்கள் பார்த்த எல்லோரும் எந்த முறை என்பதைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அந்த விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கலாமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் முதல் கவலை. விரையில் ஒரு விந்தணு உருவாகி முடிக்க ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். அதற்குப் பிறகு வெளிவரும் குழாயில் முதிர்ந்து வர இன்னும் சில நாட்கள். கடுமையான காய்ச்சல் வந்தால் அப்போது உருவாகிக்கொண்டிருந்த விந்தணுக்கள் பாதிக்கப்படும். அந்தப் பாதிப்பு அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு ரிப்போர்ட்டில் தெரியும். டெங்கு முடிந்து ஐந்து வாரத்தில் எடுத்த சாம்பிள் உங்கள் வழக்கமான நிலையைக் காட்டியிருக்க வாய்ப்பு குறைவு.

காய்ச்சலே வராதவருக்கும் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்வது சரியில்லை. ஒரே ஆளுக்கு மாதத்துக்கு மாதம் கவுன்ட் நிறைய ஏறி இறங்கும். உங்களுக்கு இப்போது காய்ச்சல் போய் ஐந்து மாதம் தாண்டிவிட்டது. இந்த வாரமே இன்னொரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் உறவு இல்லாமல் இருக்க வேண்டும். சாம்பிளை லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டிலிருந்து கொண்டுபோவதென்றால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். கூடவே விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலையில் எடுத்த ரத்தம்தான் சரி.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட கையேட்டின்படி மில்லிக்கு 16 மில்லியன் கவுன்ட், 42 சதவீத அசைவு, 4 சதவீத சரியான வடிவம் ஆகியவை கீழ்வரம்புகள். இவை எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்திருக்கட்டும். மனைவி ஒரு வருடத்துக்குள் கருத்தரித்த ஆண்களின் விந்தை அளந்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் இருந்த இடத்தைக் கோடாகப் போட்டார்கள். ஆகவே கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் குழந்தையே பிறக்காது என்று பொருளில்லை. வாய்ப்பு குறைவு, காலம் கூடுதலாகலாம், அவ்வளவுதான். உங்கள் இரண்டாவது ரிப்போர்ட் எப்படி வரும் என்று என்னைக் கேட்டால், கவுன்ட் கொஞ்சம் ஏறியிருக்கும், ஆனால் முழுக்கச் சரியாகியிருக்காது என்றே நினைக்கிறேன். கிரேடு 3 இருக்கிறது, உலைச் சூடும் இருக்கிறது. ஒருவேளை எல்லாம் வரம்புக்கு மேலே வந்துவிட்டால் அறுவைப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி யோசிக்க வேண்டும். இனி நான் சொல்வதெல்லாம் இரண்டாவது ரிப்போர்ட்டும் குறைவாக வந்தால் என்ற அடிப்படையில்.

வெரிகோசீல் என்பது விரைக்கு மேலே இருக்கும் சிரைக் கொத்து புடைத்துக்கொள்வது. இந்தச் சிரைகளுக்குள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டாரில் புட்வால்வ் பழுதானால் தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே இறங்குவதுபோல, வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் விரைப் பக்கம் திரும்பித் தேங்கும். இடது பக்கம்தான் அதிகம், ஏனென்றால் இடது விரைச் சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேருகிறது. வலது பக்கச் சிரை உடலின் பெரிய சிரையில் சாய்வாகச் சேர்வதால் அந்த அழுத்தம் இல்லை. தேங்கிய ரத்தம் விரையின் சூட்டைக் கூட்டுகிறது. உடலைவிட ஏறத்தாழ இரண்டு டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும். சூட்டோடு, செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் கழிவுகளும் சேர்ந்து விந்தணுவின் எண்ணிக்கை, அசைவு, உள்ளே இருக்கும் டிஎன்ஏ எல்லாவற்றையும் கெடுக்கின்றன.

இது அபூர்வமான நோய் இல்லை. ஆண்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு வெரிகோசீல் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ கூட இருந்திருக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். குழந்தை இல்லையென்று பரிசோதனைக்கு வரும் ஆண்களில் 35 முதல் 40 சதவீதம் பேருக்கு இது காணப்படுகிறது. இருப்பதனால் மட்டுமே சிகிச்சை தேவைப்படாது என்பதற்கும், குழந்தைக்காகக் காத்திருப்பவருக்கு இருந்தால் கவனிக்க வேண்டும் என்பதற்கும் இந்த இரண்டு எண்களே காரணம்.

வலது பக்கம் ஸ்கேனில் மட்டும் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொட வேண்டாம். கிரேடு என்பது கையால் பார்த்துச் சொல்வது. மூச்சை அடக்கி முக்கும்போது மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டால் 1, முக்காமலே தட்டுப்பட்டால் 2, கண்ணுக்கே தெரிந்தால் 3. விரலுக்குத் தட்டுப்படாமல், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரிவதற்குச் சிகிச்சை செய்தால் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. நான்கைந்து வருடங்களாக ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி வருபவர்களைப் பார்க்கிறேன். அவர்களில் பலருக்குத் தேவைப்படுவது நிற்கவைத்து, அவசரமில்லாமல், கையால் பார்க்கும் ஒரு டாக்டர்தான். வலது பக்கத்தையும் அப்படி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அப்போது தட்டுப்பட்டால் மட்டும் இரண்டு பக்கமும் செய்வதைப் பற்றிப் பேசலாம்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படும். வலது பக்கம் மட்டும் திடீரென்று பெரிதாக வந்தாலோ, எந்தப் பக்கமானாலும் படுத்த பிறகும் வடியாமல் அப்படியே இருந்தாலோ வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு கட்டி சிரையை அழுத்திக்கொண்டிருக்கலாம்.

இனி, சிகிச்சை செய்தால் பலன் உண்டா? மருத்துவ உலகமே இதில் நீண்ட காலம் சண்டை போட்டிருக்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தைப்பேற்றுக்காக வெரிகோசீல் அறுவை செய்ய வேண்டாம் என்றது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறுநீரகவியல் சங்கங்கள் தகுந்தவர்களுக்குச் செய்யலாம் என்கின்றன. கருத்தரிப்பு மையத்தில் உங்களிடம் வீண் என்று சொன்னவர் முதலில் சொன்ன தரப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கருத்துக்கு ஆதாரமாக இருந்த பழைய ஆய்வுகள் சிலவற்றில், கைக்குத் தட்டுப்படாத வெரிகோசீல் உள்ளவர்களையும் விந்து ரிப்போர்ட் சரியாக இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சரிசெய்ய எதுவுமில்லாதவர்களுக்கு அறுவை செய்தால் பலன் எங்கிருந்து தெரியும்?

தகுந்தவர்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011 இல் ஐரோப்பியச் சிறுநீரகவியல் இதழில் வந்தது. கைக்குத் தட்டுப்படும் வெரிகோசீலும் குறைந்த விந்து ரிப்போர்ட்டும் உள்ள 145 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மைக்ரோஸ்கோப் அறுவை செய்தார்கள், மற்றவர்களுக்குச் செய்யவில்லை. ஒரு வருடத்தில் இயற்கையாகக் கருத்தரித்தது அறுவை செய்தவர்களில் 32.9 சதவீதம், செய்யாதவர்களில் 13.9 சதவீதம். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் குழு 2021 இல் சொன்னது இன்னும் நிதானமானது: சிகிச்சையில்லாமல் 100 தம்பதிகளில் 21 பேர் கருத்தரிப்பதாக வைத்துக்கொண்டால், சிகிச்சைக்குப் பின் அது 22க்கும் 48க்கும் இடையில் எங்காவது இருக்கலாம், ஆதாரம் இன்னும் வலுவாக இல்லை என்றது. இந்த அகலமான இடைவெளியை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அறுவை செய்தால் குழந்தை நிச்சயம் என்று யாராவது சொன்னால் அவரிடம் செய்துகொள்ள வேண்டாம்.

அப்படியும் உங்களுக்கு நான் அறுவையையே சொல்வேன். கைக்குத் தட்டுப்படும் பெரிய வெரிகோசீல், குறைந்த ரிப்போர்ட், ஒரு வருடத்துக்கு மேல் முயற்சி, மனைவி தரப்பில் எந்தத் தடையும் இல்லை. பலன் கிடைப்பதற்கான அத்தனை அடையாளங்களும் உங்களிடம் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியம் உங்கள் மனைவிக்கு 29 வயது என்பதும் கருமுட்டை இருப்பு நன்றாக இருப்பதும். அறுவையின் பலன் தெரிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அந்த நேரம் உங்களிடம் இருக்கிறது. இதே ரிப்போர்ட்டோடு வந்தவரின் மனைவிக்கு 38 வயது என்றாலோ, ஏஎம்ஹெச் மிகக் குறைவு என்றாலோ, கருக்குழாய்கள் அடைத்திருந்தாலோ நானும் இக்ஸிக்குத்தான் அனுப்பியிருப்பேன்.

அப்புறம், எந்த முறை? துருக்கியைச் சேர்ந்த சாயான் குழுவினர் 2009 இல் 36 ஆய்வுகளைத் தொகுத்து முறைகளை ஒப்பிட்டார்கள். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நோயாளிகளிடம் எடுத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் அது, நேருக்கு நேர் போட்டி இல்லை. ஆனாலும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது புரியும். இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் மைக்ரோஸ்கோப் முறையில் 42 சதவீதம், சுருள் அடைப்பில் 33, லேப்ராஸ்கோப்பியில் 30. வெரிகோசீல் மறுபடி வந்தது மைக்ரோஸ்கோப்பில் 1 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 4, சுருள் அடைப்பில் 13, அடிவயிற்றில் திறந்து கட்டும் பழைய பலோமோ முறையில் 15. விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் ஹைட்ரோசீல் மைக்ரோஸ்கோப்பில் அரை சதவீதத்துக்கும் குறைவு, லேப்ராஸ்கோப்பியில் ஏறத்தாழ 3, பலோமோ முறையில் 8.

ஏன் இந்த வித்தியாசம் என்பதைத் தெரிந்துகொண்டால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மைக்ரோஸ்கோப் அறுவையில் தொடை இடுக்குக்குச் சற்று மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத்தான் கீறுவார்கள். உள்ளே விரைக்குப் போகும் கொத்தை வெளியே எடுத்து, பத்து மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பார்த்தபடி ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். அந்த இடத்தில் சிரைகள் பல கிளைகளாகப் பிரிந்திருக்கும், நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள தமனி துடித்துக்கொண்டிருக்கும், அதைச் சுற்றிச் சிறு சிரைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் நிறத்தில் நிணநீர்க் குழாய்கள் ஓடும். தமனியைக் கட்டிவிட்டால் விரை சுருங்கும் ஆபத்து. நிணநீர்க் குழாயைக் கட்டிவிட்டால் நீர் கோக்கும். ஒரு சிரையை விட்டுவிட்டால் வெரிகோசீல் திரும்ப வரும். வெறும் கண்ணுக்கு இவை பிரித்துத் தெரியாது. தமனி எது என்று உறுதிசெய்ய முனையில் சிறு டாப்ளர் கருவி வைத்துக் கேட்பவர்களும் உண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம், சில சமயம் ஒன்றரை மணி நேரம் ஆகும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம்.

ஆகவே டாக்டரிடம் இரண்டு கேள்விகளை நேராகக் கேளுங்கள்: நிஜமாகவே ஆபரேஷன் மைக்ரோஸ்கோப் பயன்படுத்துகிறீர்களா, இல்லை கண்ணாடியில் மாட்டும் லூப் மட்டுமா? இந்த அறுவையைத் தவறாமல் செய்து வருகிறீர்களா? லூப் இரண்டரை முதல் நான்கு மடங்கு வரைதான் பெரிதாக்கும், இரண்டும் ஒன்றில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல அறுவை மருத்துவர் இதைக் கேட்பவரை மதிப்பார்.

லேப்ராஸ்கோப்பி மோசமான முறை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் கட்டாயம் செய்ய வேண்டியவர்களுக்கு ஒரே துளைகளின் வழியாக முடித்துவிடலாம், அதுதான் அதன் வசதி. ஆனால் முழு மயக்கம் வேண்டும், வயிற்றுக்குள் காற்றை நிரப்ப வேண்டும், குடலோ பெரிய ரத்தக் குழாயோ காயப்படும் சிறிய ஆபத்தும் உண்டு. மேலே இருந்து கட்டுவதால் கீழே வேறு வழியாக வந்து சேரும் கிளைச் சிரைகள் தப்பிவிடலாம். உங்களுக்கு வலது பக்கம் தேவையே இல்லை எனும்போது அந்த வசதிக்கும் வேலை இல்லை.

சுருள் வைத்து அடைக்கும் முறையை எம்போலைசேஷன் என்பார்கள். இதைச் செய்பவர் அறுவை மருத்துவர் இல்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி விரைச் சிரைக்குள் கொண்டுபோய் உலோகச் சுருளையோ சிரையைச் சுருக்கும் மருந்தையோ வைப்பார்கள். தையல் இல்லை, அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போதும், இரண்டொரு நாளில் வேலைக்குப் போய்விடலாம், நிணநீர்க் குழாயைத் தொடாததால் நீர் கோப்பதும் இல்லை என்றே சொல்லலாம். குறை என்னவென்றால், சிலருக்குக் குழாய் அந்தச் சிரைக்குள் நுழையவே மறுக்கும், முக்கியமாக வலது பக்கத்தில். அப்படியானால் மறுபடி அறுவைக்குத்தான் வர வேண்டும். மேலே சொன்ன 13 சதவீதம் பழைய கணக்கு, கைப்பழக்கம் உள்ள இன்றைய மையங்களில் அதைவிடக் குறைவாகவே திரும்ப வருகிறது. முன்பு அறுவை செய்தும் திரும்ப வந்தவர்களுக்கு இது நல்ல வழி. எக்ஸ்ரேயில் சிரை தெரிவதற்காகச் செலுத்தும் சாய மருந்துக்கு ஒவ்வாமை இருந்தால் ஒத்துவராது. உங்களுக்கு நம்பகமான மைக்ரோஸ்கோப் அறுவை கிடைக்கவில்லை, ஆனால் அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் கிடைக்கிறார் என்றால் தயங்காமல் இதைச் செய்துகொள்ளுங்கள். கைதேர்ந்தவர் செய்யும் அடைப்பு, பழக்கமில்லாதவர் செய்யும் மைக்ரோஸ்கோப் அறுவையைவிட மேல்.

இக்ஸியைப் பற்றி மனம் திறந்து எழுத வேண்டும். அது அருமையான தொழில்நுட்பம், வேறு வழியில்லாத எத்தனையோ பேருக்குப் பிள்ளை கொடுத்திருக்கிறது. ஆனால் உங்கள் விரையில் உள்ள கோளாறுக்காகப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி போட்டுக்கொள்ளப்போவது உங்கள் மனைவி. மயக்கம் கொடுத்து முட்டை எடுக்கப்படுவதும் அவருக்குத்தான். சினைப்பை அளவுக்கு மேல் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்தும் அவருக்கே. அத்தனைக்குப் பிறகும் முதல் முறையே கைகூடும் என்று உறுதி இல்லை, ஒவ்வொரு முறையும் செலவு. உங்கள் ரிப்போர்ட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 மில்லி, மில்லிக்கு 9 மில்லியன், அதில் 28 சதவீதம் அசைகிறது என்றால் மொத்தம் 5 மில்லியன் அசையும் விந்தணுக்கள். கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் ஐயுஐக்கே இது விளிம்பில் நிற்கும் அளவு. வெரிகோசீல் அறுவைக்குப் பின் சராசரியாக மில்லிக்கு ஏறத்தாழ 10 மில்லியன் கவுன்ட்டும் 10 சதவீத அசைவும் கூடியதாகத் தொகுப்பு ஆய்வு ஒன்று சொல்கிறது. உங்களுக்கு அந்தச் சராசரி கிடைத்தாலே மொத்தம் 14 மில்லியனைத் தாண்டிவிடும். இயற்கையாகக் கருத்தரிக்க வாய்ப்பு கூடுவதோடு, அது நடக்காவிட்டாலும் இக்ஸிக்குப் பதில் ஐயுஐ போதும் என்ற நிலைக்கு வரலாம். பின்னால் எப்போதாவது செயற்கைக் கருத்தரிப்புக்குப் போவதென்றால் 2021 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மையம்தானா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

விந்தணுவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1950களின் தொடக்கத்தில் எடின்பரோவில் டல்லாக் என்ற அறுவை மருத்துவர் அப்படி ஒருவருக்கு இரண்டு பக்கமும் வெரிகோசீல் அறுவை செய்ய, விந்தணு தோன்றி அவர் தந்தையானார். உலகம் இந்த அறுவையைக் குழந்தைப்பேற்றோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆனால் இப்படி எல்லோருக்கும் நடப்பதில்லை. அவர்களுக்கு ஹார்மோன், மரபணுப் பரிசோதனை எல்லாம் முதலில் வேண்டும்.

மாத்திரைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். கவுன்ட் கூட்டும் என்று விற்கும் ஆன்டிஆக்சிடன்ட், துத்தநாகம், போலிக் அமிலம் எல்லாம் நல்ல ஆய்வுகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2020 இல் அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடந்த ஆய்வில் துத்தநாகமும் போலிக் அமிலமும் சாப்பிட்ட ஆண்களின் விந்தும் மேம்படவில்லை, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை. புடைத்த சிரையைச் சுருக்கும் லேகியமோ சூரணமோ எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன்: ஆண்மைக்கு நல்லது என்று யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள்ளாதீர்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்ததும் மூளை விரைக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி அடியோடு நின்றுபோகலாம். ஜிம்மில் ஊசி போட்டுக்கொண்டு கவுன்ட் பூஜ்யமாகி வரும் இளைஞர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

உலைப் பக்கம் நிற்பதை மாற்ற முடியுமா என்று பாருங்கள். நாள் முழுக்க அனலில் நிற்பது, வெரிகோசீல் ஏற்கெனவே கூட்டிவைத்த சூட்டோடு சேரும். வார்ப்பு தட்டும் இடத்துக்கோ, ஸ்டோருக்கோ, அனுப்புகை பகுதிக்கோ ஒரு வருடத்துக்கு மாற்றக் கேட்கலாம், டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள். சிகரெட், ஹான்ஸ் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இறுக்கமான ஜட்டி, மடியில் லேப்டாப் போன்றவை இதற்கெல்லாம் அடுத்த படியில் வருகிற சின்ன விஷயங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்கள் நிறுவனம் இஎஸ்ஐ பிடித்தம் செய்துகொண்டிருக்கும். அந்த அட்டையில் அறுவைக்கு வழி உண்டு, தகுதிக் காலம் முடிந்திருந்தால் ஓய்வு நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரகவியல் துறைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. எங்கே போனாலும் மேலே சொன்ன இரண்டு கேள்விகள் பொருந்தும்.

அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். மூன்று வருடமாக உங்கள் மனைவியை மட்டும் சோதித்திருக்கிறார்கள். சாயம் செலுத்திக் கருக்குழாயைப் படமெடுப்பது எவ்வளவு வலிக்கும் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாளில் முடிந்திருக்கும் உங்கள் விந்துப் பரிசோதனையை முதல் வருடமே செய்திருக்க வேண்டும். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. இதை அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், மனைவி சொன்னால் அது வேறு சண்டையாகும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள், முடிவை இரண்டு பேரும் சேர்ந்து எடுங்கள்.

அறுவை முடிந்தால் ஒரு வாரம் வீட்டு வேலை அளவுக்கு நடமாடலாம், மூன்று நான்கு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. வார்ப்புப் பெட்டியைத் தூக்கும் வேலை இருந்தால் ஒரு மாதம் கட்டாய விடுப்பு. லேசான வீக்கமும் நீலம் பாரித்ததும் சரியாகிவிடும். காய்ச்சல், தையலில் சீழ், விரை கல்போல இறுகி வலிப்பது இவற்றில் எது வந்தாலும் அன்றே காட்டுங்கள். மூன்றாவது மாதம் ஒரு விந்துப் பரிசோதனை, ஆறாவது மாதம் இன்னொன்று. மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு ரிப்போர்ட் மேம்படுகிறது. மூன்றாவது மாதம் மாற்றம் தெரியவில்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள், ஆறாவது மாதம் வரை ஏறிக்கொண்டிருக்கும். இந்தக் காலம் முழுக்க இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சேர்ந்திருங்கள், பதினான்காம் நாள் மட்டும் என்று காலண்டரில் குறித்துக்கொண்டு நடப்பது இருவருக்கும் பாரம். ஆறாவது மாதம் கவுன்ட் ஏறியும் கருத்தரிக்கவில்லை என்றால் ஐயுஐ பற்றிப் பேசுங்கள். ஏறவே இல்லை என்றால் மறுபடி டாப்ளர் எடுத்து வெரிகோசீல் திரும்பியதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் இக்ஸிக்குத் திட்டமிடுங்கள். எப்படியானாலும் அறுவையிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். அப்போது உங்கள் மனைவிக்கு 30, 31 வயதுதான் ஆகியிருக்கும், இக்ஸிக்கு அது இன்னும் நல்ல வயது.